துப்பாக்கிக்கு இலவச விளம்பரம்

அமெரிக்காவில் ஒரு பாடசாலையிலோ கடைத்தொகுதியிலோ துப்பாக்கிச் சூடு நடந்தால், அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் தொலைக்காட்சியில் என்னென்ன வரும் என்பது இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் ஹெலிகொப்டரிலிருந்து எடுத்த படம். அடுத்து, ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்தபடி வரிசையாக வெளியே ஓடிவரும் பிள்ளைகள். ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நிற்கும் பொலிஸ் அதிகாரி. பிறகு கொலைகாரனின் முகம். கடைசியாக, அவன் கையிலிருந்த துப்பாக்கியின் படம், அதன் பெயர், செய்த கம்பனி, வாங்கிய கடை.

2012 இல் நியூடவுன் நகரின் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 பிஞ்சுக் குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது இப்படித்தான் வந்தது. 2018 இல் பார்க்லண்ட் உயர்தரப் பாடசாலையில் 17 பேர் மாண்டபோதும், 2022 இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரில் 19 சிறுவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டபோதும் இதே ஒழுங்குதான்.

பார்க்கின்ற நாம் கண்கலங்குகிறோம். “யா அல்லாஹ், அந்தத் தாய்மாருக்குப் பொறுமையைக் கொடு” என்கிறோம். ஆனால் அதே வாரத்தில் அமெரிக்காவின் துப்பாக்கிக் கடைகளில் என்ன நடந்தது என்று யாராவது நமக்குச் சொன்னார்களா? அங்கே கூட்டம் அலைமோதியது. செய்தியில் காட்டிய அதே துப்பாக்கியைக் கேட்டுத்தான் மக்கள் வந்தார்கள்.

ஒரு கொலைக் கருவி கொலைக்குப் பின்னர் அதிகம் விலைபோவது எப்படி? அதில் செய்தி சொல்பவர்களுக்கும், அதைப் பார்த்துப் பரப்புகின்ற நமக்கும் பங்கு உண்டா? சகோதரிகளே, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு றைபிளின் கதை

நம் நாட்டுப் பத்திரிகைகளை வாசித்து வளர்ந்தவர்களுக்கு ‘ரி-56’ என்ற பெயர் எவ்வளவு பழக்கமோ, அமெரிக்கர்களுக்கு ‘ஏ.ஆர்-15’ என்ற பெயர் அவ்வளவு பழக்கம். ‘ஏ.ஆர்’ என்றால் ‘தாக்குதல் றைபிள்’ என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது பிழை. அதை உருவாக்கிய ‘ஆர்மலைட்’ என்ற கம்பனியின் பெயரிலிருந்து வந்த எழுத்துக்கள் அவை.

1950களில் அந்தச் சிறிய கம்பனியில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியியலாளர் வேலை செய்தார். அந்தக் காலத்து இராணுவத் துப்பாக்கிகள் மரமும் இரும்புமாகப் பாரமாக இருந்தன. அவர் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு இலேசான ஒரு றைபிளை வடிவமைத்தார். 1959 இல் அதன் உரிமை ‘கோல்ட்’ என்ற பெரிய கம்பனிக்கு விற்கப்பட்டது. பின்னர் அமெரிக்க இராணுவம் அதையே ‘எம்-16’ என்ற பெயரில் வியட்நாம் யுத்தத்துக்குக் கொண்டு சென்றது.

இராணுவத்துக்குரியதில் விசையை அழுத்திப் பிடித்தால் ரவைகள் தொடர்ந்து பாயும். 1964 முதல் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது அப்படியல்ல. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு ரவை மட்டுமே பாயும். ஆனால் அடுத்த ரவை தானாகவே வந்து தயாராகிவிடும். முப்பது ரவைகள் கொண்ட கூட்டைப் பொருத்திக்கொண்டு, விரல் இழுக்கிற வேகத்தில் சுட்டுக்கொண்டே போகலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், பல ஆண்டுகளாக இந்த றைபிளை அமெரிக்கப் பொதுமக்கள் பெரிதாக விரும்பவில்லை. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரப்பிடி போட்ட பழைய றைபிளையே விரும்பினார்கள். இராணுவத் துப்பாக்கி வீட்டுக்கு எதற்கு என்பதே அவர்களுடைய எண்ணமாக இருந்தது.

1989 இல் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் ஐந்து குழந்தைகள் இத்தகைய வேறொரு இராணுவ பாணி றைபிளால் கொல்லப்பட்டனர். கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் யுத்தத்துக்குப் பயந்து அடைக்கலம் தேடிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அதன் பிறகு எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக, 1994 இல் ஜனாதிபதி கிளின்டன் காலத்தில் இவ்வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதன் ஆயுள் பத்து ஆண்டுகள் மட்டுமே. அப்போதும் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. சட்டத்தில் குறிப்பிட்ட சில பாகங்களைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய அதே துப்பாக்கியை வேறு பெயரில் விற்றார்கள். 2004 இல் சட்டம் காலாவதியானது. யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை.

அங்கிருந்துதான் இந்த றைபிளின் நல்ல காலம் தொடங்கியது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நடந்த யுத்தக் காட்சிகள் அன்றாடம் தொலைக்காட்சியில் வந்தன. இளைஞர்களின் கணினி விளையாட்டுக்களிலும் அதே துப்பாக்கிதான். 2009 இல் துப்பாக்கி வியாபாரிகளின் சங்கம் அதற்கு ‘நவீன விளையாட்டு றைபிள்’ என்று மென்மையான ஒரு பெயரைச் சூட்டியது. அதே சங்கத்தின் மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் இன்று இவ்வகைத் துப்பாக்கிகள் 2 கோடிக்கு மேல். ‘வொஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை 2022 இல் நடத்திய கருத்துக்கணிப்பில், வளர்ந்தவர்களில் ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருவர் தம்மிடம் இது இருப்பதாகக் கூறினர்.

கொலைக்குப் பின் விற்பனை

சாண்டி ஹூக் பாடசாலைக்குள் நுழைந்த இருபது வயது இளைஞனிடம் இருந்தது ‘புஷ்மாஸ்டர்’ என்ற கம்பனியின் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கி. சட்டப்படி அதை வாங்கியவர் அவனுடைய தாய். அன்று காலை அவன் முதலில் கொன்றதும் அந்தத் தாயைத்தான். பிறகு பாடசாலைக்குப் போய், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 150 இற்கும் மேற்பட்ட ரவைகளைச் சுட்டான். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்கள். ஆறு வயதும் ஏழு வயதும்.

“இனியாவது தடை வரும்” என்று ஒரு பகுதியினர் எதிர்பார்த்தார்கள். “தடை வருவதற்கு முன் வாங்கிவிட வேண்டும்” என்று மறு பகுதியினர் ஓடினார்கள். துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியைப் பரிசோதிக்கும் ஒரு முறை 1998 முதல் அங்கே இருக்கிறது. அந்த 2012 டிசம்பரில் மட்டும் 27 இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகள் பதிவாகின. அதுவரை எந்த ஒரு மாதத்திலும் அத்தனை நடந்ததில்லை.

தடை வந்ததா? 2013 ஏப்ரலில் செனட் சபை தடைச் சட்டத்தை நிராகரித்தது. சட்டம் வரவில்லை; துப்பாக்கிகள் மட்டும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. அவை சும்மா கிடக்கவும் இல்லை. 2017 இல் ‘சயன்ஸ்’ என்ற ஆய்விதழ் வெளியிட்ட ஆய்வொன்று, சாண்டி ஹூக் சம்பவத்துக்குப் பின் வந்த ஐந்து மாதங்களில் வழமையைவிடச் சுமார் 30 இலட்சம் துப்பாக்கிகள் கூடுதலாக விற்கப்பட்டதாகவும், அவற்றால் நேர்ந்த தவறுதலான வெடிப்புக்களில் ஏறக்குறைய 60 பேர் மேலதிகமாக இறந்ததாகவும் கணக்கிட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர்கள். ஒரு பாடசாலையில் இருபது பிள்ளைகள் இறந்த துயரத்தைப் பார்த்து வாங்கிய துப்பாக்கிகளால், ஊரூராக இன்னும் ஏறக்குறைய இருபது பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது இருபது பேருக்காக ஹெலிகொப்டர் பறக்கவில்லை.

இங்கே கம்பனிகளின் விளம்பரத்தையும் பார்க்க வேண்டும். புஷ்மாஸ்டர் றைபிளை விற்க வெளியிட்ட விளம்பரம், இதை வாங்கினால் உன் ஆண்மைக்கான அட்டை மீண்டும் உனக்குக் கிடைக்கும் என்ற கருத்துப்பட அமைந்திருந்தது. தாழ்வு மனப்பான்மையோடு தனித்திருக்கும் ஒரு வாலிபனின் காதில் இது எப்படி விழும் என்று ஒரு தாய்க்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கொல்லப்பட்டவர்களில் ஒன்பது பேரின் குடும்பங்கள், இந்த விளம்பர முறையைக் காட்டியே அதன் உரிமைக் கம்பனியான ‘ரெமிங்டன்’ மீது வழக்குத் தொடுத்தன. பல ஆண்டுகள் இழுபட்ட வழக்கு 2022 பெப்ரவரியில் 73 மில்லியன் டொலர் நட்டஈட்டுடன் முடிந்தது.

அதே ஆண்டு மே மாதம் யுவால்டி கொலை. அந்தத் துப்பாக்கியைச் செய்த கம்பனி, அதற்கு எட்டு நாட்களுக்கு முன்னர்தான் ஒரு பச்சிளம் பாலகனின் மடியில் றைபிளை வைத்து எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டிருந்தது. கொலைகாரன் தனது பதினெட்டாவது பிறந்தநாள் கழிந்த கையோடு சட்டப்படி துப்பாக்கி வாங்கியவன்.

கம்பனியின் விளம்பரத்துக்குப் பணம் செலவாகும். செய்தியில் வருகின்ற படத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் துப்பாக்கிக்கு அஞ்சுகிறார். இன்னொருவர் அது தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். மூன்றாவது ஒருவனும் பார்த்துக் கொண்டிருக்கிறான். அவனைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

புகழ் தேடும் கொலை

1999 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பாடசாலையில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் கொன்று தாமும் இறந்தார்கள். தொலைக்காட்சிகள் அதை மணிக்கணக்காக நேரடியாகக் காட்டின. அவர்களின் படங்கள் சஞ்சிகைகளின் அட்டையில் வந்தன. பின்னர் வந்த பல கொலைகாரர்கள் அவர்களைப் பற்றித் தேடித்தேடிப் படித்தவர்கள். சாண்டி ஹூக் கொலைகாரனும் முன்னைய கூட்டுக் கொலைகளைப் பற்றிய விபரங்களைத் திரட்டி வைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது.

2007 இல் வேர்ஜினியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன், இரண்டு சூடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் தபாலகத்துக்குப் போய், தன்னுடைய படங்களையும் வீடியோவையும் ‘என்.பி.சி.’ தொலைக்காட்சிக்கு அனுப்பிவிட்டு வந்தான். அவன் எதிர்பார்த்தபடியே அது ஒளிபரப்பானது. துப்பாக்கியை நீட்டியபடி அவன் நின்ற படம் உலகப் பத்திரிகைகளின் முன்பக்கத்துக்கு வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த சில குடும்பத்தினர், அந்தத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கவிருந்த நேர்காணலை இரத்துச் செய்தார்கள். அவர்களால் செய்ய முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

2015 இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய செய்தியாகும் ஒரு கூட்டுக் கொலைக்குப் பின் சராசரியாகப் பதின்மூன்று நாட்கள் வரை இன்னொன்று நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டது. அம்மை நோய் வீட்டுக்கு வீடு தொற்றுவது போல, இதுவும் செய்தியின் வழியே தொற்றுகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

செய்தியை மாற்றினால் தொற்று குறையுமா? இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் 1978 இல் சுரங்கப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியில் அதன் முன் பாய்ந்து உயிரை மாய்ப்பவர்கள் கூடினார்கள். பத்திரிகைகளும் ஒவ்வொன்றையும் படத்தோடு விபரித்தன. 1987 இல் வைத்தியர்கள் பத்திரிகைகளோடு பேசி, முன்பக்கத்தில் போடாதீர்கள், விதத்தை விபரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பத்திரிகைகள் இணங்கின. சில மாதங்களிலேயே அந்த வகை மரணங்கள் பெருமளவில் குறைந்தன. புகையிரதம் அதே புகையிரதம், நகரம் அதே நகரம். மாறியது செய்தி சொன்ன விதம்.

அமெரிக்காவில் 2012 இல் ஒரு சினிமா அரங்கில் மகனை இழந்த பெற்றோர் இதே கோரிக்கையோடு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கொலைகாரனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், அவனுடைய படத்தைப் பெரிதாகப் போடாதீர்கள், அவன் எழுதி வைத்ததை வெளியிடாதீர்கள் என்பதே அவர்களுடைய வேண்டுகோள். நடந்ததை மறைக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. அவன் விரும்பியதை அவனுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

துப்பாக்கி தெரியும், காயம் தெரியாது

செய்தியில் துப்பாக்கி பளபளப்பாகத் தெரிகிறது. அது என்ன செய்யும் என்பது தெரிவதில்லை.

ஏ.ஆர்-15 இன் ரவை சிறியது. ஆனால் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 900 மீற்றர். ஒலியின் வேகத்தைவிட இரண்டரை மடங்கு. சாதாரணக் கைத்துப்பாக்கியின் ரவை போன வழியில் துளையிட்டுச் செல்லும். இந்த ரவை தன்னைச் சுற்றியுள்ள தசையையும் உறுப்பையும் சேர்த்தே சிதைத்துவிடும். பெரியவர் ஒருவரின் உடலே தாங்காதபோது, பத்து வயதுப் பிள்ளையின் உடல் என்னாகும்? யுவால்டியின் குழந்தை வைத்தியர் ஒருவர் 2022 ஜூன் மாதம் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தபோது, இரண்டு பிள்ளைகளை அவர்கள் அணிந்திருந்த சித்திர உடையைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருந்தது என்று கூறினார்.

இத்தகைய படங்களை வெளியிடலாமா என்ற கேள்வி அமெரிக்கப் பத்திரிகையாளர் மத்தியில் இன்றும் தீரவில்லை. வெளியிட்டால் மக்கள் மனம் மாறும் என்கிறார்கள் சிலர். பெற்றோரின் புண்ணில் வேல் பாய்ச்சாதீர்கள் என்கிறார்கள் மற்றவர்கள். 2023 நவம்பரில் ‘வொஷிங்டன் போஸ்ட்’, பிள்ளைகளின் உடல்களைக் காட்டாமல், சூடு நடந்த இடங்களின் படங்களையும் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களையும் மட்டும் வெளியிட்டது. நமக்கு ஒன்று தெளிவு. மையித்தின் கண்ணியத்தைக் காப்பது கடமை. ஆனால் காயத்தை மறைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் அழகாகக் காட்டுவது உண்மையில் பாதியை மறைப்பதாகும்.

கமெரா போகாத வீடுகள்

மறைகின்ற இன்னொரு பாதியும் இருக்கிறது. 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அதாவது பாதிக்கும் அதிகம். தொலைக்காட்சியில் வரும் பெரிய கூட்டுக் கொலைகளில் இறப்பவர்கள் இந்தத் தொகையில் மிகச் சிறிய ஒரு பங்கினரே.

துப்பாக்கியின் வகையும் அப்படித்தான். 2019 ஆம் ஆண்டுக்கான எப்.பி.ஐ. அறிக்கையில் துப்பாக்கிக் கொலைகள் 10,000 இற்கும் அதிகம். அவற்றில் கைத்துப்பாக்கியால் நடந்ததாகப் பதிவானவை 6,300 இற்கு மேல்; எல்லா வகை றைபிளாலும் நடந்ததாகப் பதிவானவை 364. வேர்ஜினியாவில் 32 பேரைக் கொன்றவனிடம் இருந்தவையும் கைத்துப்பாக்கிகள்தான். ஒரே நேரத்தில் பலரை வீழ்த்தும் கொடிய சம்பவங்களில் ஏ.ஆர்-15 அடிக்கடி வருவது உண்மை. ஆனால் நாளாந்தம் வீடுகளுக்குள் உயிரைக் குடிப்பது மேசை இலாச்சிக்குள் கிடக்கும் சிறிய துப்பாக்கி.

அதற்குப் பலியாகிறவர்களில் பெண்கள் பலர். அடித்துத் துன்புறுத்தும் ஒரு கணவனுக்குத் துப்பாக்கி கிடைக்குமானால் அவன் மனைவி கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்காகிறது என்று 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறியது. கூட்டுக் கொலைகளையே எடுத்துப் பார்த்தாலும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை குடும்ப வன்முறையோடு தொடர்புபட்டவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாண்டி ஹூக்கில் முதலில் சுடப்பட்டவர் தாய். யுவால்டியில் முதலில் சுடப்பட்டவர் பாட்டி. அவர் உயிர் பிழைத்தார். ஊரை அழிக்கப் புறப்பட்டவன் தன் வீட்டுப் பெண்ணிடம்தான் தொடங்குகிறான். இது ஏன் தலைப்புச் செய்தியாவதில்லை?

யாருடைய பெயர் பெரிதாக வருகிறது?

முஸ்லிம் வாசகர்களுக்கு நன்கு பரிச்சயமான ஒரு விடயமும் இதில் உண்டு. 2006 முதல் 2015 வரை அமெரிக்காவில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களை ஆராய்ந்த மூவர், தாக்கியவர் முஸ்லிமாக இருந்தபோது ஊடகங்கள் சராசரியாக 357 வீதம் அதிகமாகச் செய்தி வெளியிட்டன என்று 2019 இல் எழுதினார்கள். ஒருவன் செய்த பாவத்துக்கு அவனுடைய சமூகம் முழுவதும் தலைகுனிய வேண்டியிருந்தால் அது எப்படியிருக்கும் என்பதை 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் இங்கே கண்டோம். பர்தாவோடு பஸ்ஸில் ஏறிய நம் சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அதனால், “அவன் மட்டும் ஏன் மனநோயாளி, இவன் மட்டும் ஏன் பயங்கரவாதி?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எல்லாக் கொலைகாரருக்கும் சமமான வெளிச்சம் கிடைத்துவிட்டால் போதாது. எந்தக் கொலைகாரனுக்கும் அந்த வெளிச்சம் கிடைக்கக் கூடாது. இதை உலகுக்குக் காட்டியது நியூஸிலாந்து.

கிறைஸ்ட்சேர்ச் காட்டிய வழி

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கிறைஸ்ட்சேர்ச் நகரின் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது சூடு நடந்தது. 51 பேர் ஷஹீதானார்கள். கொலைகாரன் ஏ.ஆர்-15 வகையான துப்பாக்கிகளைக் கொண்டுவந்தான். அவற்றின் மீது பழைய யுத்தங்களின் பெயர்களையும் முஸ்லிம்களைக் கொன்றவர்களின் பெயர்களையும் எழுதியிருந்தான். தலையில் கட்டிய கமெராவால் அந்தப் பதினேழு நிமிடங்களையும் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினான். கொலையே அவனுக்கு ஒரு ஒளிபரப்பாக இருந்தது.

நேரடியாக ஓடியபோது அதைப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்றது பேஸ்புக். ஆனால் முதல் 24 மணித்தியாலத்தில் அந்நிறுவனம் அகற்றிய அல்லது தடுத்த பிரதிகள் 15 இலட்சம். இருநூறு எங்கே, பதினைந்து இலட்சம் எங்கே! இடைவெளியை நிரப்பியவர்கள் அதை எடுத்து எடுத்து அனுப்பியவர்கள். அவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று சொல்ல முடியாது. “பாருங்கள், நம்மவர்களுக்கு நடந்த அநியாயத்தை” என்று கோபத்தோடும் கண்ணீரோடும் அனுப்பியவர்கள் நம்மிலும் இருந்தார்கள். அனுப்பியவரின் நிய்யத் எதுவாக இருந்தாலும், போய்ச் சேர்ந்தது அவன் எடுத்த படம்தான்.

பிரதமர் ஜசிந்தா ஆர்டன் நான்காம் நாள் பாராளுமன்றத்தில், அவனுடைய பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்றும், பறிகொடுக்கப்பட்டவர்களின் பெயர்களையே சொல்லுங்கள் என்றும் பேசினார். ஆறாம் நாள் இராணுவ பாணித் துப்பாக்கிகளுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 10 இல் பாராளுமன்றம் 119 வாக்குகளால் சட்டமூலத்தை நிறைவேற்றியது. எதிர்த்தவர் ஒரே ஒருவர். ஆண்டு முடிவதற்குள் 56,000 இற்கும் அதிகமான துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்துத் திரும்பப் பெற்றது. வீடியோவை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றமாக்கப்பட்டது. பரப்பிய ஒருவருக்கு 21 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அந்நாட்டின் பெரிய செய்தி நிறுவனங்களும் ஒன்றுகூடி, வழக்கின்போது கொலைகாரனின் கொள்கைக்கு மேடை கொடுப்பதில்லை என்று உடன்பட்டன. 2020 ஆகஸ்டில் தண்டனை விதிக்கப்பட்டபோது மன்றில் நாட்கணக்காகப் பேசியவர்கள் பிழைத்தவர்களும் கணவனை, தந்தையை, மகனை இழந்தவர்களும்தான். மறுநாள் பத்திரிகைகளில் அவர்களுடைய முகங்களே வந்தன. அவனுக்குப் பிணையற்ற, விடுதலையற்ற ஆயுள்தண்டனை கிடைத்தது. அந்த நாட்டில் அதற்கு முன் யாருக்கும் அது விதிக்கப்பட்டதில்லை.

ஆனால் எங்கோ ஒரு மூலையில் அந்த வீடியோ மிஞ்சியிருந்தது. 2022 மே மாதம் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு பலசரக்குச் சந்தையில் கறுப்பினத்தவர் பத்துப் பேரைக் கொன்ற பதினெட்டு வயது இளைஞன், கிறைஸ்ட்சேர்ச் கொலைகாரனைப் பார்த்தே தான் இதற்குத் தூண்டப்பட்டதாக எழுதி வைத்திருந்தான். அவனும் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கியைத்தான் எடுத்தான். அதன் மேல் பெயர்களை எழுதினான். தலையில் கமெராவைக் கட்டி நேரடியாக ஒளிபரப்பினான். பள்ளிவாசலில் எடுத்த வீடியோ மூன்று ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து, சாமான் வாங்க வந்த முதியவர்களைக் கொன்றது.

நம் வீட்டில் நாம்

அமெரிக்காவின் சட்டத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் நமது கையிலும் இருக்கிறது, அது கைத்தொலைபேசி.

ஒரு கொலையின் வீடியோ வட்ஸ்அப்பில் வந்தால் அதைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். குடும்பக் குழுவில் யாராவது போட்டால், வயதில் மூத்தவராக இருந்தாலும், “மாமா, இதை எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் பார்ப்பார்கள்” என்று பணிவாகச் சொல்லலாம். அநியாயத்தைச் சொல்ல வேண்டுமானால் பாதிக்கப்பட்டவரின் வாழ்வைச் சொல்லுங்கள். அவர் யார், யாருக்கு வாப்பா, யாருக்கு உம்மா, என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். கொலைகாரனின் கமெராவால் சொல்லாதீர்கள்.

உறுதியாகத் தெரியாததையும் அனுப்பாதீர்கள். சாண்டி ஹூக் சம்பவமே ஒரு நாடகம், அங்கே யாரும் சாகவில்லை என்று அமெரிக்க வானொலியாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் ஆண்டுக்கணக்காகப் பரப்பினார். அதை நம்பியவர்கள், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பெற்றோரை மிரட்டினார்கள். 2022 இல் ஜூரிகள் அவருக்கு விதித்த நட்டஈடு 965 மில்லியன் டொலர். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளும்படி மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்திருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இத்தகைய இடத்தில்தான் புரிகிறது.

பெரிய செய்தி நடக்கின்ற நாளில் தொலைக்காட்சியை நாள் முழுவதும் ஓடவிடாதீர்கள். ஒரு தடவை கேட்டால் போதும். சிறு பிள்ளைகளுக்கு அதே காட்சி பத்துத் தடவை வந்தால், பத்து இடங்களில் நடந்ததாகவே தோன்றும். வளர்ந்த பிள்ளைகளிடம் நீங்களாகவே பேசுங்கள். குறிப்பாக, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல், கணினியோடு காலம் கழிக்கும் மகனிடம் பேசுங்கள். “நீ ஆண்மகன்தானா?” என்று கேட்டு விற்பதற்கு ஒரு சந்தையே காத்திருக்கிறது. அதற்கு முன் அவனுடைய வாப்பாவும் உம்மாவும் அவனுக்கு மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

பெருநாள் காசு கையில் வந்ததும் நம் சிறுவர்கள் முதலில் ஓடுவது விளையாட்டுத் துப்பாக்கிக் கடைக்குத்தான். ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியால் யாரும் கொலைகாரனாகிவிடுவதில்லை. ஆனாலும் அதை அவன் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டும்போது, “அப்படி யாருக்கும் நீட்டக்கூடாது மகன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கூடவே இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: “அந்த நியூஸில் வந்த துப்பாக்கியின் பேர் தெரியும் என்கிறாய். அதில் இறந்த பிள்ளைகளில் ஒருவருடைய பேராவது தெரியுமா?”

அவனுக்குத் தெரிந்திருக்காது. நமக்கும் தெரியாது. செய்தி நமக்குக் கற்றுத்தந்தது துப்பாக்கியின் பெயரை மட்டும்தான்.